இருந்த இடத்தில் ஆபிரிக்கா

எழுபதுகளின் நடுவில் ஒரு வசந்தம். ரொறன்ரோவில், எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆபிரிக்கா மூன்று துண்டாகக் கிடந்தது. பயண முகவர் தந்த வண்ணத்தாள்கள். ஒன்றில் கூரை திறக்கும் வான் வண்டி. தலையை வெளியே நீட்டியபடி காடெல்லாம் ஓடலாம். இன்னொன்றில், குண்டு போட்ட துவக்கு ஏந்திய வழிகாட்டியின் பின்னால் புல்வெளியில் நடை, இரவில் கூடாரம். மற்றது ஒரு விடுதி: விறாந்தையில் சாய்ந்திருக்கக் கதிரை, கீழே நீர்க்குட்டை, தாகமெடுத்த விலங்குகள் தாமாக வரும்.

நான் நாள் முழுக்க வரைபலகைக்கு முன் இருப்பவன். கால்களுக்குள் ஒரு காற்று அடைபட்டுக் கிடந்தது. நடைதான் என்றேன்.

"உங்கட விருப்பம்" என்றாள் மனைவி.

எங்களவர் வீடுகளில் அது சம்மதம் அல்ல. மெல்லச் சாத்தப்படும் கதவு. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நிற்பவள். ஊருக்கென்று இல்லாமல் எங்களுக்கென்று போகும் முதற்பயணம் அது. நடை என்றால் நான் தனியாகத்தான் போக நேரும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மேல்மாடியிலிருந்த தமிழ்நாட்டு நண்பர் தேநீருக்கு வந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏங்க, காசு குடுத்து சிங்கத்துக்கு முன்னாடி நடக்கப் போறீங்களா? வேன்ல போங்க. கதவையாவது சாத்திக்கலாம்."

"இவருக்குச் சிங்கம் பயமில்லை அண்ணை, கதிரைதான் பயம்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "முதல்ல இஞ்சை ஒருக்கா நடந்து பார்ப்பம்."

ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவின் ஓரத்தில் புதிதாகத் திறந்திருந்த மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். ஒட்டகச்சிவிங்கியின் வேலியருகே மர வாங்கில் அமர்ந்து கால் சப்பாத்தைக் கழற்றினாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ."

போனேன். வரிக்குதிரை, காண்டாமிருகம், சிங்கம். ஒவ்வொன்றிடமும் அடுத்ததை நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வால், ஒரு வரி, புழுதியில் ஒரு முதுகு. அவ்வளவே கண்ணில் ஒட்டியது.

திரும்பி வந்தபோது அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்த்தனீங்கள்?"

"எல்லாம்."

"உது குனிஞ்சதைப் பார்த்தனீங்களோ?"

ஒட்டகச்சிவிங்கி வானத்துக்குப் பக்கத்தில் நின்றது. முன்னங்கால்கள் மெல்ல மெல்ல அகன்றதையும், அந்த நீளக் கழுத்து புல்வரை இறங்கியதையும் அவள் இரு கைகளால் செய்து காட்டினாள்.

"விழப்போகுதெண்டு நினைச்சன். விழேல்லை."

பக்கத்தில் அமர்ந்தேன். என் கால் தன்பாட்டில் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு முகவரிட்டை விடுதிக்கே சொல்லுவம்" என்றேன்.

"உங்கட விருப்பமோ?"

"இல்லை, உம்மட."

சிரித்தாள். பாதிப் பழத்தை நீட்டினாள்.

"அங்கை காலமை நடக்கவும் கூட்டிக்கொண்டு போவினமாம். நீங்கள் நடந்திட்டு வாங்கோ. நான் இருந்து கண்டதைச் சொல்லுறன்."

குளிர்காற்று எழும்வரை இருந்தோம். ஒட்டகச்சிவிங்கி மறுபடி குனியவில்லை.