ரேஸ் கேம்ஷாப்ட்டில் வந்த மாப்பிள்ளை

போன வாரம் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். நெரிசலில் ஒரு கன்டெய்னர் லாரி அடி அடியாக நகர்ந்தது. கிளட்ச் கருகுகிற வாடை குப்பென்று வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கல்யாண ஞாபகம் வந்தது. என் கல்யாணம் இல்லை, ஏகாம்பரத்தின் கல்யாணம்.

எழுபதுகளில் நடந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் மெயின் ரோட்டில் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தேன். கவலைப்படுவதில் மட்டும் நான் காலேஜ் முடித்தவன். நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய், முறுக்கினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள். அதனாலேயே ஏகாம்பரம் தன் வண்டியை என்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டான். ஒரகடத்து ரைஸ் மில்காரர் மகன் அவன். வண்டி சீமையிலிருந்து வந்த பழைய ரெட்டை சிலிண்டர். மெதுவாக ஓடவிட்டால், வயிறு நிறைந்த எருமை மூச்சு விடுவது போலிருக்கும்.

அவனுக்குப் படப்பையில் பெண் நிச்சயமானது. பெண்ணின் தாய்மாமன் லாரி வைத்திருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டாராம்: "அந்த ஓட்ட வண்டி எங்க தெரு வரைக்கும் வருமா மாப்ளே? நடுவுல நின்னா சொல்லு, லாரில கவுறு கீது, கட்டி இஸ்தாறேன்."

இவனுக்கு ரோஷம். "ஊர்வலத்துல அதுலதான் வருவேன் மாமா. வழில நின்னா வண்டிய வித்துடறேன்."

சொன்ன கையோடு புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்குப் போய், ஏதோ பந்தய வண்டியில் இருந்த கேம்ஷாப்ட் என்று ஒன்றை வாங்கி வந்து நின்றான். வண்டிக்குப் பலம் வருமாம்.

கேம்ஷாப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் தண்டு. அதிலுள்ள மேடுகள்தான் வால்வுகளை நேரத்துக்குத் திறந்துவிடும். பழையதில் மேடு கோழி முட்டையின் கூர்முனை மாதிரி. வால்வைத் தூக்கும், உடனே இறக்கிவிடும். இவன் கொண்டுவந்ததில் அது பயில்வான் தோள். தூக்கினால் இறக்க மனசு வராது. காற்று வருகிற வழியும் புகை போகிற வழியும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். வேகமாகப் போனால் அதுதான் பலம். மெதுவாகப் போனால் புகையும் புதுக் காற்றும் கலந்து எஞ்சினுக்கு விக்கல் எடுக்கும்.

"ஊர்வலம் நட வேகத்துலதான் போவும். இது நின்னு பூடும்ப்பா," என்றேன்.

"நீ தூங்கும்போதும் கவலப்படுவியா? மாட்டுப்பா."

மாட்டினேன். வால்வு நேரம் தப்பாமலிருக்கப் பல்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் சேர்த்து மூடினேன். சந்தேகம் வந்து திரும்பத் திறந்தேன். சேர்ந்துதான் இருந்தன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் படப்பைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டது. பெட்ரோமாக்ஸ், சீர்த் தட்டுகள், நாயனம், பின்னால் மாலையோடு ஏகாம்பரம். பக்கத்தில் நான், எஞ்சினுக்குக் காது கொடுத்தபடி. நாயனக்காரர் நிதானமாக இழுத்தார். எஞ்சின் விக்கியது. ஏகாம்பரம் பயந்துபோய் ஆக்சிலேட்டரை முறுக்கினான், கிளட்ச்சைப் பாதியில் பிடித்தான். கருகல் வாடை எழுந்தது. மல்லிகை வாசனை தோற்றது.

நாயனக்காரர் திரும்பினார். "இன்னா தம்பி, நான் வாசிக்கறதா, அது வாசிக்கறதா?"

ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணே, கொஞ்சம் வேகமா வாசிங்கண்ணே. மெதுவா போனா வண்டி நின்னுடும். நின்னா அவன் வித்துடணும்."

"எவ்ளோ வேகம்?"

"ஓட்டமும் நடையுமா வர்ற அளவுக்கு."

அவர் தவில்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். அவ்வளவுதான். தவில் பொரிந்தது, பெட்ரோமாக்ஸ்காரர்கள் ஓடினார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுகளோடு ஓடினார்கள். ஒரு தேங்காய் உருண்டு சாக்கடைக்குப் போனது. எடுக்க யாருக்கும் நேரமில்லை.

"மாப்ளைக்கு இன்னாமே இவ்ளோ அவசரம்!" என்று தெருவோரத்தில் ஓர் அம்மாள் கேட்க, ஓடிக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சினுக்கு அந்த வேகம் பிடித்துவிட்டது. ஒரு விக்கல் இல்லை.

எதிர்பார்த்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே பெண் வீடு வந்துவிட்டது. ஆரத்தி கரைக்கவில்லை. வாசலில் தாய்மாமன் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார், ஒரு கன்னம் வழவழ, மறு கன்னம் நுரை. ஏகாம்பரம் கையைத் தளர்த்தினான். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது. என் மூச்சும் கூடவே அடங்கியது.

தாய்மாமன் நுரையோடு எழுந்தார். "பாத்தியா! நின்னு பூட்ச்சா?"

"இல்ல மாமா," என்றான் ஏகாம்பரம், இறங்கிக்கொண்டே. "வூடு வந்துட்ச்சு."

தெருவே சிரித்தது. நுரைக்குப் பின்னால் மாமனும் சிரித்துவிட்டார். வண்டி தப்பியது.

மறு வாரமே கொட்டகைக்கு வந்தான். "பழச மாட்டுப்பா. அவ பின்னாடி குந்திகினு பேசறது இந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல."

அந்தத் தெருவின் பாதியை அகலமான ரோடு சாப்பிட்டுவிட்டது. ஊர்வலங்களில் நாயனக்காரர் நடந்த இடத்தில் இப்போது வேனில் ஸ்பீக்கர் வருகிறது. வண்டிகளிலோ உள்ளேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் உட்கார்ந்து, எஞ்சினுக்காக ஓயாமல் கவலைப்படுகிறது. பக்கத்தில் நடந்து வா என்று யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.