வெறும் தொட்டிக்குத் தண்ணீர்

அடீனியம் செடியின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அழுகல் வாடை குப்பென்று அடித்தது. ஐயோ என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு செடிக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் என் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ரிட்டையர் ஆன பிறகு, கள்ளிக்குப்பத்தில் இந்த ஃபிளாட்டின் பால்கனியில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு தொட்டிதான். குட்டிச் செடியாக வாங்கிவந்து, குண்டு அடிமரமும் ரோஸ் நிறப் பூவுமாக ஆளாக்கினார். இப்போது அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. டாக்டர் மாத்திரை எழுதினார், தேறிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை. சாப்பிட்டதை மறப்பார், வீட்டுக்கு வரும் வழியை மறப்பார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மறந்ததே இல்லை. ஊற்றியாகிவிட்டது என்பதைத்தான் மறந்தார். ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்த சூட்டோடு எழுந்து மறுபடியும் தண்ணீர் மக்கைத் தூக்குவார். போதாததற்கு அடைமழை வேறு. அடீனியத்துக்குத் தண்ணீர் கூடிப்போனால் வேர் அழுகிவிடும்.

செடி செத்தால் கொன்றது தான்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதைப் புரிந்துகொள்கிற அளவுக்குப் புத்தி மிச்சம் இருக்கிறதே, அதுதான் என் பயம். அவர் கையை விட்டு இதுவும் போனால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் தொட்டியைச் சாய்த்தேன். மண் களிபோலக் கொழகொழவென்று வந்தது. காய் நறுக்கும் கத்தியை எடுத்து, வெள்ளைச் சதை தெரிகிறவரை அழுகலைச் செதுக்கினேன். பாதிக் கிழங்கு போய்விட்டது. வெட்ட வெட்ட அவரைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன், சாமியையும் விடவில்லை. வெட்டிய இடத்தில் மஞ்சள் பூசி, இலைகளை உருவிவிட்டு, காற்றாடத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், காயும்வரை மண்ணில் வைக்கக் கூடாது என்று ஃபோனில் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

எங்கே தொங்கவிடுவது? பால்கனியில் சாரல். வீட்டுக்குள் அவர் கண். கடைசியில் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம், மேலே, திருஷ்டிப் பூசணி கட்டுகிற ஆணியில் மாட்டினேன். மாடிவீட்டுப் பெண் பார்த்துவிட்டு, ஆகாச கருடன் கிழங்கா அக்கா, எங்கே கிடைத்தது என்றாள். அந்தக் கிழங்கையும் இப்படித்தான் வாசலில் தொங்கவிடுவார்கள். தண்ணீரே இல்லாமல் துளிர்க்கும், கண்ணேறு அண்டாது என்று நம்பிக்கை. திருமழிசைப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன் என்று புளுகினேன். மறுநாள் அவளே வந்து குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவள் போன பிறகு நானும் ஒரு கற்பூரம் காட்டினேன்.

பழைய தொட்டியில் புது மண்ணை நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். அடியோடு வெட்டிவிட்டிருக்கிறேன், மண்ணுக்குள் இருக்கிறது, தழைத்து வரும் என்று அவரிடம் சொன்னேன். அவர் மண்ணைக் குனிந்து பார்த்தார். மக்கை எடுத்துவந்து ஊற்றினார். அன்றிலிருந்து தினமும் வெறும் மண்ணுக்குத் தண்ணீர். வழிந்ததைத் துடைத்தது நான்.

வாசலில் தொங்கியது நாளுக்கு நாள் சுருங்கியது. தொட்டுப் பார்த்தால் சுக்கு. போச்சு, எல்லாம் போச்சு என்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அழுகை வெளியே கேட்கக் கூடாதே.

பிறகு ஒரு காலையில் கிளை நுனியில் பச்சையாக ஒரு பொட்டு. மணல், செங்கல் தூள், கொஞ்சம் அடுப்புக்கரி, பேருக்கு மண் எல்லாம் கலந்து, பெரிய ஓட்டை உள்ள மண்தொட்டியில் நட்டு, சமையலறை ஜன்னலில் ஒளித்து வைத்தேன். அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். பால்கனியில் வெறும் தொட்டி அப்படியே இருந்தது. நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று இலை விட்டிருந்த சமயம். அவர் ஊற்றிக்கொண்டிருந்தார், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"இதுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்மே. வாசல்ல தொங்கினது என்னுதுதான். நீ நிம்மதியா கீறியேன்னு ஊத்திகினு கீறேன்."

ஈரத் துணி கையிலேயே இருந்தது.

"ஒரு நாளு இதுவும் மறந்துடும். அப்போ நெசமாவே இதுக்கு ஊத்துவேன். அதுக்குள்ள அத்தக் கொஞ்சம் கண்ணுல காட்டேன்."

ஓடிப்போய்த் தொட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். கீழே உட்கார்ந்து, நான் வெட்டிய தழும்பை விரலால் தடவினார். இலையைத் தொட்டார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

பிறகு மக்கை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சற்றுமுன் இருந்த தெளிவு இல்லை.

"இன்னிக்கு இதுக்குத் தண்ணி ஊத்திட்டனா?"

"ஊத்திட்டய்யா" என்றேன்.

அவர் நம்பி, மக்கைக் கீழே வைத்தார்.