பிலோமினா போட்ட மாலை

சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றும் பிலோமினா, கல்யாணமான வருஷமே தன்னை மாதாவின் கணவரான சூசையப்பருக்கு ஒப்புக்கொடுத்தவள். அவர் திருவிழாவில் தேரிலிருக்கும் சிலைக்கு முதல் மாலை எப்போதும் அவள்தான் போடுவாள். புருஷன் இறந்த பிறகு வந்த திருவிழாவில், மாலையோடு தேரடிக்குப் போனவளைக் கமிட்டித் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் மறித்தார்.

“தாலி எறக்குனவங்க மாலை போட வேண்டாமுங்க அம்மணி. வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்க.”

பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

“ஏனுங்க, சூசையப்பர் போன பொறவு மாதாவும் விதவைதானுங்களே? அவங்களையும் இப்படித்தான் மறிப்பீங்களா?”

அவளே தேரில் ஏறி மாலையைப் போட்டாள். இறங்கியதும் ஸ்தனிஸ்லாஸ், “மன்னிச்சுக்கோங்க” என்றார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தேர் புறப்பட்டு எல்லோரும் பாடத் தொடங்கிய பிறகும் அவள் கோபம் அடங்கவில்லை.