கல்யாணத்துக்கு வந்தோம், சாப்பிடவில்லை

எங்கள் சபையில் சாதி கிடையாது என்று சொல்லிச் சொல்லியே பழகியவள் நான். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் யாராவது, “உங்களுக்குள்ளேயும் அதெல்லாம் உண்டாமே” என்று இழுத்தால் போதும், எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கிறோம், அப்புறம் என்ன சாதி, வேலையைப் பாருங்கள் என்று வெட்டிவிடுவேன். சொல்லும்போது நான் அதை நம்பவும் செய்தேன்.

கோயில் இருப்பது பட்டாபிராமில், ரயில் பாதையை ஒட்டி. ஜெபம் பாதியில் இருக்கும்போது சென்ட்ரல் வண்டி போனால் ஆயர் நிறுத்திவிட்டு, அது போனபிறகு தொடர்வார். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் பின்னால் இருக்கும் காலனிக்காரர்கள். அவர்களுடைய அப்பாமார் வயலில் கூலி வேலை பார்த்துக்கொண்டே, மீதி நேரத்தில் மண்ணும் கல்லும் சுமந்து எழுப்பியது. நாங்கள் எல்லாம் அப்புறம் வந்தவர்கள். தெற்கேயிருந்து பேங்க், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று வேலைக்கு வந்து, ஃப்ளாட் வாங்கி, கையோடு சபைக் கமிட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டோம். முன் பெஞ்சு எங்களுக்கு, கதவோரத்துப் பெஞ்சு காலனிக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

புது ஆயர் வந்த பிறகுதான் இது பேச்சானது. சின்ன வயசுக்காரர். மெதுவாகத்தான் பேசுவார், பிடித்தால் விடமாட்டார். பாவ அறிக்கையை எல்லாரும் கோரஸாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவதால் ஒன்றும் மாறாது என்று பிரசங்கத்திலேயே சொன்னார். கோயில் ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட வைத்தார். காயப்பட்டவர்கள் பேச வேண்டும், காயப்படுத்தியவர்கள் கேட்க மட்டும் வேண்டும். குறுக்கே பதில் சொல்லக் கூடாது, சாக்குச் சொல்லக் கூடாது, உடனே ஜெபம் பண்ணி முடித்துவிடவும் கூடாது. எதைச் செய்தால் சரியாகும் என்று கடைசியில் அவர்களே சொல்வார்கள், அதைச் செய்வதுதான் நம்முடைய வேலை என்றார்.

“ஐயா, எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்கோம். எதுக்கு இப்போ இதைக் கிளறிக்கிட்டு?” என்றார் எங்கள் பொருளாளர். நான் அவரை முறைத்தேன். நான் ஆயர் கட்சி. பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் வேறு. வட்டத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன், நல்ல காட்டன் புடவை கட்டிக்கொண்டு.

காலனியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லாம் பட்டும் படாமலும்தான் பேசினார்கள். அதன் பிறகு அவள் எழுந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தைத்த துணி செக்கிங் பார்ப்பவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். எங்கள் சங்கத்தில் எத்தனையோ வருஷமாக இருக்கிறாள்.

“எங்க பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தீங்க” என்று ஆரம்பித்தாள். “பாட்டு பாடினீங்க. ஸ்டேஜ்ல ஏறி கவர் குட்த்தீங்க. போட்டோவுக்கு நின்னீங்க. ரோஸ்மில்க் குட்ச்சீங்க. எலையில ஒர்த்தர்கூட குந்தல. ஒர்த்தருக்கு சுகருன்னாங்க, ஒர்த்தருக்கு வேற கல்யாணம் கீதுன்னாங்க. எந்தம்பிதான் பிரியாணி ஆக்கினான். உங்கள எல்லாம் எண்ணித்தான் அரிசி போட்டான். மீந்தத பள்ளம் நோண்டி கொட்டிட்டு, அண்டாவ கழுவிகினே அழுதான்.”

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு உபவாசம் என்று சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு வரும் வழியில் ஆவடியில் இறங்கி மசால் தோசை சாப்பிட்டோம், நானும் என் வீட்டுக்காரரும். கடவுளையே சாக்காக வைத்துவிட்டுத் தோசை தின்றவள் நான். அந்த உபவாசத்தைப் பற்றி அவள் வாயெடுக்கவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

எதைச் செய்தால் சரியாகும் என்று ஆயர் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. “சின்னவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம் வச்சிகிறேன். இதே ஹாலுதான். வந்து ஒக்காந்து சாப்ட்டு போங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். மன்னிப்புக் கடிதம், காலைக் கழுவுவது என்றெல்லாம் நாங்கள் மனசுக்குள் தயாராகத்தான் வந்திருந்தோம். வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போகச் சொல்வாள் என்று யாரும் நினைக்கவில்லை.

அடுத்து நடந்த கமிட்டிக் கூட்டத்தில் எல்லாரும் சுற்றி வளைத்தே பேசினார்கள். சாப்பிடமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. “ஹால்ல இடம் பத்துமா?” என்றார் ஒருவர். “மத்தியான வெயில்ல பிரியாணி ஒத்துக்குமா?” என்றார் இன்னொருவர். எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் அந்த அருமையான யோசனையைச் சொன்னேன்: கல்யாண விருந்தை சபையே ஏற்றுக்கொள்ளட்டும். முன்னால் நடந்த தப்புக்குப் பரிகாரமாக, சபையின் அன்பளிப்பாக இருக்கட்டும்.

கூட்டத்துக்கே உயிர் வந்ததைப் பார்க்க வேண்டுமே! பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “குமணன்சாவடியில நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார். சமையல் அடிச்சுக்க ஆளில்ல. சொதி, கூட்டாஞ்சோறுன்னு அமர்க்களப்படுத்திருவார்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவ்வளவு நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெனு போட ஆரம்பித்தார்கள். ஆயர் மட்டும் என்னையே பார்த்தார். நான் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அவளிடம் சொல்லும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வட்டத்தில் எழுந்து, சபை உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது, செலவைப் பற்றி நீங்கள் கவலையே படக் கூடாது, சமையல்காரர் முதற்கொண்டு நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கண்கலங்கப் பேசினேன்.

அவள் கடைசிவரை கேட்டாள்.

“சமையல் யாரு?”

சொன்னேன்.

“எந்தம்பிகிட்ட இன்னான்னு சொல்றது? அவன் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு அவன் கை வைக்க கூடாதா?”

“அப்படி இல்லம்மா, உங்களுக்கு ஒரு ஒத்தாசையா...”

“அப்போ எங்க பொண்ணு கல்யாணத்துல, உங்க ஆளு ஆக்கினத நீங்களே சாப்ட்டுட்டு போவீங்க. அதானங்கக்கா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோலத்தான் கேட்டாள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றேன். கமிட்டியில் அத்தனை பேருக்கும் ஏன் அப்படி உயிர் வந்தது என்று எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உறைத்தது. அதைப் பரிகாரம் என்று பெயர் வைத்து மூடிவிட்டேன்.

“உங்க உதவிய வேற யாருக்கானா செய்யுங்க. எந்தம்பிதான் ஆக்குவான். மன்சு இருந்தா வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

வீட்டில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம் என்று. “நீ சாப்பிடு, எனக்கு அன்னிக்கு டியூட்டி” என்றார். போகட்டும் என்று விட்டேன்.

கல்யாணத்துக்குச் சபை முழுக்க வந்திருந்தது. பாட்டு, மோதிரம், ஆசீர்வாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தன. ஹாலுக்குப் போகும் வாசலில்தான் கூட்டம் தேங்கியது. பொருளாளர் ரோஸ்மில்க் டம்ளரோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூடவே வேறு பலரும். ஆயரும் அவர் மனைவியும் நேராகப் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் பின்னால் நான். எங்கள் பக்கத்திலிருந்து மொத்தமே ஐந்தாறு குடும்பம்தான்.

பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி, பிரெட் அல்வா. அடடா, என்ன கை அந்தத் தம்பிக்கு! அரிசி உதிரி உதிரியாக, கறி பஞ்சாக வெந்திருந்தது. “அக்கா, நல்லா கீதா?” என்று அவரே வந்து கேட்டார். பிரமாதம் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அவள் கையில் வாளியோடு எதிரே நின்று என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிறைவு, பெண்ணை மணமேடையில் பார்த்தபோதுகூட இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. நான் சாப்பிடுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நிற்பவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

அப்போது வீடியோக்காரப் பையன் வந்தான். எந்தக் கல்யாணத்திலும் பந்தியை இலை இலையாக எடுப்பார்களே, அப்படி எடுத்துக்கொண்டு வந்தான். கல்யாணம் லைவ் போய்க்கொண்டிருந்தது. லிங்க்கை ஆயரே சபை குரூப்பில் போட்டிருந்தார். சபை குரூப்பில் விழுந்தது எங்கள் ஊர்வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். ஊரில் என் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறோம். என் நாத்தனார் பார்ப்பாள். பெண் வீட்டார் பார்ப்பார்கள். இதெல்லாம் நின்று யோசித்துச் செய்ததில்லை. கேமரா பக்கத்து இலைக்கு வந்ததும் என் எச்சில் கை தானாக மேஜைக்கடியில் போனது. இடது கையால் முந்தானையை இழுத்து வேர்வை துடைப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டேன்.

முந்தானைக்கு மேலே என் கண் மட்டும்தான் வெளியே இருந்தது. எதிரே நின்ற அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“தம்பி, அந்தக்காவ எடுக்காத” என்றாள். “அவங்களுக்கு ஊர்ல சொந்தக்காரங்க கீறாங்க. இப்டி வா, எங்க ஆளுங்கள எடு.”

பையன் கேமராவைத் திருப்பினான். அவள் குனிந்து என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

“நீங்க சாப்டுங்கக்கா. இனிமே எடுக்க மாட்டான்.”

பரவாயில்லை, எடுக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். கேமரா அந்தப் பந்தியைத் தாண்டிப் போகும்வரை நான் முந்தானையை இறக்கவில்லை.