உப்புத் தண்ணீர்ப் பேன்

சரிதா மீன்தொட்டியின் கண்ணாடியை விரலால் தேய்த்தாள். புள்ளிகள் போகவில்லை. அவை தொட்டியின் உள்பக்கம் இருந்தன. கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தபோது ஒரு புள்ளி நகர்ந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவையும் நகர்ந்தன. கடுகில் பாதிகூட இல்லை. வெள்ளையாக ஊர்ந்து திரிந்தன.

கோழிப்பேன் என்றுதான் தோன்றியது. அவள் வேலை அப்படி. புதன்சந்தைக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில் முட்டைகளை விளக்கில் வைத்துப் பார்த்து, கரு பிடிக்காதவற்றைப் பிரித்தெடுக்கிறாள். வாசலில் குளித்து, அங்கே தரும் உடுப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அங்கு வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்தபோது வீட்டிலிருந்த கோழிகளை விற்கச் சொன்னவள் அவள்தான். மாமியார் வள்ளியாத்தாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. கணவன் தீனதயாளன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு போனால் மாதக்கணக்கில் வடக்கே இருப்பான். அவனுக்குக் கோழி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கோழி போனபிறகு வீட்டில் எதுவும் அசையவில்லை. சேலத்தில் ஒரு கடையில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீனைப் பார்த்தாள். அது கடல் மீன், நம் தண்ணீரில் பிழைக்காது என்றான் கடைக்காரன் செந்தமிழன். வேறு மீன் எதையும் அவள் கேட்கவில்லை, அதையேதான் வாங்கினாள். கேன் தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினாள். பார்க்க வந்தவர்கள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, கடல்தான் என்று ஒப்புக்கொண்டு போனார்கள். போன மாதம் அதே கடையிலிருந்து ஒரு பிடி கடற்பாசியும் வாங்கிப் போட்டிருந்தாள்.

பேன் என்றால் அது தன் மேல்தான் வந்திருக்க வேண்டும். அல்லது தன் மேல் ஏறி நாளை நிலையத்துக்குள் போகும். கூட வேலை செய்த பழனியம்மாளுக்கு அப்படித்தான் ஆனது. பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல்களிடமிருந்து ஏறிய பேனை அவள் முந்தானையில் வாசல்காரர் பார்த்தார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிடவில்லை. சந்தேகம் இருந்தால் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே விதி. சொல்லாமல் உள்ளே போக சரிதாவால் முடியாது. சொன்னால் தனக்கும் அதுதான் என்று நினைத்தாள்.

வள்ளியாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"கோழி வேண்டாம்னே, வித்துப்போட்டோம். இப்பப் பேனு மட்டும் தனியா வளக்கறயா சாமி?"

பினாயில் ஊற்றி எல்லாவற்றையும் சாக்கடையில் விடச் சொன்னாள். மீனையும் சேர்த்துத்தான். செத்த நேரம் பொறுக்கச் சொன்னாள் சரிதா.

ஊசியில்லாத சிரிஞ்சால் சிலவற்றை உறிஞ்சி ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தம்ளருக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள். முட்டையைப் பார்க்கிற மாதிரியே தம்ளரை மெல்லத் திருப்பினாள். கோழிப்பேன் தட்டையாக இருக்கும், ஓடும். இவை தண்ணீர்ச் சொட்டின் வடிவத்தில் இருந்தன. வால் நூல் பிரிந்ததுபோல் இருந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரே ஒரு கண். ஓடாமல் எகிறி எகிறி நகர்ந்தன. ஒன்றின் பின்புறம் சிறு கொத்தாக ஏதோ தொங்கியது. முட்டை. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"முட்டை வேற வெச்சிருக்குதா? அப்பப் பெருகிப் போயிருமே" என்றாள் வள்ளியாத்தாள். மறுபடி குனிந்து தம்ளரைப் பார்த்தாள். "நம்மூருப் பேனுன்னா உப்புல எப்படிப் பொழைக்குது? நல்ல தண்ணியில உட்டுப் பாரு."

சரிதா இன்னொரு தம்ளரில் குடிதண்ணீர் எடுத்து நாலைந்தை அதில் விட்டாள். அவை ஒருமுறை துடித்தன. பிறகு அடியில் போய்ப் படிந்து அசையாமல் கிடந்தன. உப்புத் தண்ணீர்த் தம்ளரில் இருந்தவை எகிறிக்கொண்டே இருந்தன.

இரண்டு தம்ளரையும் போனில் படம்பிடித்துச் செந்தமிழனுக்கு அனுப்பினாள். அவனே கூப்பிட்டான்.

"பேனில்லீங்க்கா. கோப்பிபாடுன்னு சொல்லுவாங்க, கடல்ல இருக்கற பூச்சி. பாசியில ஒட்டி வந்திருக்குமுங்க. மீனு திங்கும். அவனவன் இதக் காசு குடுத்து வாங்கறான், உங்களுக்கு ஓசியில வந்திருக்குது."

"கோழி மேல ஏறுமா?"

"கோழியக் கொண்டுபோய்க் கடல்ல உட்டாக்கூட ஏறாதுங்க."

சரிதா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மீன் கண்ணாடியருகே வந்து ஒரு புள்ளியைக் கொத்தியது. அடுத்ததையும் கொத்தியது. அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், பிறகு சத்தமாகவே சிரித்தாள்.

"அப்பக் கோழி வாங்கலாமில்ல?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

"அது கூடாதுங்க அத்தை."

"பூச்சிக்கு ஒரு நாயம், கோழிக்கு ஒரு நாயமா" என்றபடி அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் சரிதா வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனாள். வாசல்காரரிடம் நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டினாள். வீட்டில் பறவை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். போய்க் குளிக்கச் சொன்னார். குளித்து உடுப்பு மாற்றினாள். அடைகாப்பு அறையிலிருந்து முட்டை வண்டி தாமதமாக வந்தது. மதியம்வரை ஒரு பகுதியைப் பார்த்து முடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சத்தையும் பார்த்தார்கள். மாலையில் லேசாகத் தூறல் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.