கப்பித்தானின் பந்தும் என் கணக்கும்

பத்து வயதில் எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும். ஆனால் அது பழவேற்காட்டில் வேறு யாருக்கும் தெரியாத கணக்கு. அந்தத் தலைக்கனத்தில் தரையில் கால் படாமல் திரிந்துகொண்டிருந்தேன்.

டச்சுக்கார ஒல்லாந்தரின் கோட்டைத் தலைவரான கப்பித்தானுக்குப் பந்தடிப்பதில் பைத்தியம். ஏரிக்கரை மணலில் நின்றுகொண்டு, முனை வளைந்த கோலால் ஒரு தோல் பந்தை அடிப்பார். மணலில் தெரிய வேண்டும் என்று பந்துக்குத் தினமும் சுண்ணாம்பு பூசுவார்கள். உள்ளே என்ன திணித்திருந்தார்களோ, தண்ணீரில் விழுந்தால் கல் மாதிரி அடியில் போய்விடும்.

கோட்டையை ஒட்டிய தண்ணீரில் நாங்கள் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. பந்து விழுந்தால் மட்டும் விலக்கு. அப்போது சேற்றில் கைவிட்டு இறால் தடவுகிற எங்கள் சனத்தையே தேடக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் முகத்துவாரம் மண்ணடித்து மூடி, ஏரி கொதித்துக் கிடந்தது. இறாலெல்லாம் கோட்டை ஓரத்து ஆழத்துக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டியிருந்தது.

என் கணக்கு இதுதான். புன்னைக்காயில் சுண்ணாம்பு தடவிப் பனைமட்டையால் அடித்துப் பார்த்தேன். மட்டையின் நடுவில் பட்டால் காய் நேராகப் போனது. நுனியில் பட்டால் காயின் இடப்பக்கம் அடி விழுந்து, அது பம்பரமாகச் சுற்றிக்கொண்டே வலது பக்கம் வளைந்தது. எங்கே பட்டது என்பதை மட்டையில் ஒட்டிய சுண்ணாம்பே சொல்லிவிடும். நடுவிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பட்டால் எத்தனை எட்டு நடை தூரம் வளையும் என்று, கப்பித்தானின் பந்தையும் கோலையும் ஒரு மாசம் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை அவர் அடித்த பந்து, தண்ணீரில் கண்ணைக் கூசவைத்த வெயிலுக்குள் போய் மறைந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார்கள். ஊரில் பாதி இறங்கிவிட்டது. பெண்கள் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவினார்கள். எல்லோரும் பந்து கிளம்பிய நேர்கோட்டிலேயே தேடினார்கள். நைனா, அதாவது என் அப்பா, மட்டும் வலது பக்கம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நட்ட கழி போல நின்றார். கரையில் கப்பித்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பக்கத்தில் அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி குடையோடு ஓடிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் கப்பித்தான் வீசியெறிந்த கோல் என் காலடியில் வந்து விழுந்தது. சுண்ணாம்பு அதன் நுனியில் இருந்தது. வளைவின் நடுவிலிருந்து மூன்று விரல். அப்படியானால் வலது பக்கம் இருபது எட்டு.

தண்ணீரில் இறங்கி, எல்லோரும் தேடிய கோட்டிலிருந்து வலது பக்கமாக எண்ணிக்கொண்டே போனேன். இருபதாவது எட்டில் நைனா நின்றார்.

"இங்கல்லாம் பாத்தாச்சு கண்ணு. அந்தாண்ட போய்ப் பாரு" என்றார் நைனா, மெதுவாக.

"இல்ல நைனா, இங்கதான் கீது! என் கணக்கு தப்பாது. காலை எடு!"

கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். வாயில் பறி இருந்ததால் பேச முடியாமல் கண்ணை உருட்டித் தலையை ஆட்டினாள். சபாஷ் சொல்கிறாள் என்று எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்து முங்கினேன். நைனாவின் குதிகாலுக்கு அடியில், சேற்றில் அழுந்திக் கிடந்தது பந்து. அவர் காலைத் தூக்கி வழிவிட்டார்.

பந்தோடு நான் எழுந்ததும் கப்பித்தான் கைதட்டினார். துபாஷி, "பந்து கெடச்சாச்சு, எல்லாரும் ஏறுங்க" என்று விரட்டினார். ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள். யாரும் என்னைத் தூக்கிக் கொண்டாடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பித்தான் கொடுத்த ஒரு கட்டி சர்க்கரையை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பறியைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு கை இறால்தான் இருந்தது. அவள் வாயைத் திறக்கப் போனாள். நைனா கையமர்த்தி என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, கணக்கை முழுசாகச் சொல்லச் சொன்னார். மூன்று விரல், இருபது எட்டு என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"கெட்டிக்காரி. இனிமே கணக்கு போட்டா, மொதல்ல என் காதுல சொல்லு. இன்னா?"

நைனாவுக்கு என் கணக்கைக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, அன்றிரவு பசியோடு, ஆனால் மிகவும் சந்தோஷமாகத் தூங்கினேன்.