கதவுக்கு நான் சொன்ன நேரம்

அவள் போனைத் தூக்கினாலே எனக்கு வயிறு எரியும். என்னிடம் இரண்டு லென்ஸ், ஒரு முக்காலி, மழைக்கு உறை போட்ட கேமராப் பை. அவளிடம் ஓரம் விரிசல் விட்ட ஒரு போன். சென்னையில் இருவரும் ஒரே அலுவலகம். என்னைவிட எட்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். பழைய வீட்டுக் கதவுகளைப் படம் எடுக்கும் பைத்தியத்தை அவளுக்குப் பிடிக்கவைத்ததே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

நான் பிறந்தது தென்காசிக்கு வடக்கே வாசுதேவநல்லூர். ஆனாலும் சிறு வயதிலிருந்தே ஆசையெல்லாம் தென்காசி மேல்தான். ஒவ்வொரு வருடமும் சாரல் சமயத்தில் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கி, தென்காசித் தெருக்களில் கதவு கதவாக அலைவேன். கதவு அடைத்திருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது. அது என் பிடிவாதம். யாராவது எட்டிப் பார்த்தால் அவர்கள் உள்ளே போகும்வரை நிற்பேன். வாசலில் செருப்பு கிடந்தால் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவேன்.

எங்கள் புகைப்படக் குழு வருடத்துக்கு ஒரு காலண்டர் போடும். அதன் அட்டைக்கு ஐந்து வருடமாகத் தென்காசிக் கதவுகளை அனுப்பினேன். ஐந்து வருடமும் யாருடைய மயிலோ மாட்டுவண்டியோதான் அட்டையில் வந்தது. போன வருடம் அவளும் குழுவில் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே அவள் போட்ட ஏதோ ஒரு ஜன்னலை ஆளாளுக்குத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நானும் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தச் சாரலுக்கு அவளும் என்னோடு கிளம்பிவிட்டாள். வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் கேமராவைத் தூக்கினால் தெருவே ஒதுங்கிப் போகிறது. அவளைப் பார்த்தால், "உள்ள வாங்கம்மா, ஏன் வெயில்ல நிக்கீங்க?" என்கிறார்கள். ஒரு வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், அவள் சொன்ன பிறகு.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மேற்குப் பார்த்த ஒரு வீடு உண்டு. இரட்டைக் கதவு, வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள், நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. பக்கத்துச் சுவரில் மின்சாரக்காரர்கள் சாக்பீஸால் எழுதிப் போன எண்கள்கூட அழகாக இருக்கும். மூன்று வருடமாக அந்தக் கதவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் நாள் அவள் அருவிக்குக் குளிக்கப் போன சமயம், மத்தியானத் தூக்கத்துக்கு அந்த வீட்டுக்காரர்கள் கதவை அடைத்திருந்த நேரமாகப் பார்த்துப் போய் எடுத்துவிட்டு வந்தேன். இந்த வருடம் அட்டை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அறைக்கு வந்தால், ஈரத் தலையோடு கேமராவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது எங்க? நானும் எடுக்கணும். எப்போ போனா நல்லா இருக்கும்?"

தெருவைச் சொன்னேன். பிறகு சொன்னேன், "ஆறு மணிக்குப் போ. வெயில் நேரா வந்து கதவுல விழும்."

வெயில் விஷயம் உண்மை. ஆனால் எங்கள் பக்கம் விளக்கு வைக்கும் நேரத்தில் புறவாசலை அடைத்துவிட்டு, முன்வாசலை விரியத் திறந்து வைப்பார்கள். லட்சுமி வருகிற நேரம். யார் வந்து கெஞ்சினாலும் அப்போது கதவைச் சாத்த மாட்டார்கள். இங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எந்நேரமும் கதவு பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடியில் வளர்ந்த அவளுக்குத் தெரியாது. அது தெரிந்துதான் சொன்னேன். தலைவலி என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவளைத் தனியாக அனுப்பினேன்.

ஏழரைக்குத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கதவு தெறந்தே இருந்துச்சுக்கா. ஒரு நிமிஷம் சாத்துங்கன்னு கேட்டேன். அந்த அம்மா எப்படிச் சொன்னாங்க தெரியுமா? 'வெளக்கு பொருத்துத நேரத்துல வாசக்கதவ அடைக்கப்பிடாதும்மா. வேணும்னா இங்கன நின்னு உள்ள பாத்து எடுத்துக்கிடுங்க.' சரின்னு எடுத்தேன்."

போனை நீட்டினாள். நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை, நான்கு வாசல்கள் ஒரே கோட்டில். மேற்கு வெயில் தரையோடு தரையாகக் கடைசிவரை ஓடியிருந்தது. நடுவில் அந்த அம்மா, கையில் விளக்கு, காற்றுக்கு மறைத்த இன்னொரு கை. எல்லாவற்றுக்கும் பின்னால் அடைத்த புறவாசல். வாசலில் செருப்புகள் கிடந்தன. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக அந்தக் கதவைப் பார்க்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றேன். அன்று தலை நிஜமாகவே வலித்தது.

அட்டைப் படம் அதுதான். காலண்டர் வெளியிடும் நாளில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனவள் மைக்கைப் பிடித்து, "ஆறு மணிக்குப் போன்னு சொன்னதே அக்காதான். அந்த ஊர்ல எந்தக் கதவு எப்போ தெறந்திருக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். பாதிப் படம் அவங்களோடது," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து வருடமாக அந்த மேடைக்கென்று மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். கையை விடுவித்துக்கொண்டு நானும் கைதட்டினேன்.

படம் எனக்குக் கிடைக்கவில்லையே என்றுகூட அப்போது எரியவில்லை. இவளுக்கு என் மேல் ஒரு சின்ன சந்தேகம்கூட வரவில்லையே, அதுதான் எரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் திறந்த வாசலைப் பார்த்த மறு நிமிடமே கண்டுபிடித்திருப்பேன்.